கூகுள் டாக்ஸின் ‘ஸ்பியர்மின்ட்’ ரெஸ்யூம் வார்ப்புரு: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பி.காம். முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கும் என் அக்கா மகளுக்காக, கூகுள் டாக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ரெஸ்யூம் வார்ப்புருக்களை (டெம்ப்ளேட்) ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஸ்விஸ், செரிஃப், கோரல், ஸ்பியர்மின்ட், மாடர்ன் ரைட்டர் ஆகியவற்றில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஸ்பியர்மின்ட்.

அதுவரை அவளிடம் இருந்தது, ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அடித்து வாங்கிய பயோடேட்டா. பக்கத்தைச் சுற்றி இரட்டைக் கோடு, தந்தை பெயர், மதம், திருமண நிலை, கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழி என இரண்டு பக்கங்களுக்கு நீண்ட அதில், அவளுக்கு என்ன வேலை தெரியும் என்பது இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது. நாள் முழுவதும் விண்ணப்பங்களைப் புரட்டும் ஒருவர் அதுவரை பொறுத்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஸ்பியர்மின்ட் இந்தக் குறையை வடிவத்திலேயே சரிசெய்கிறது. மேலே பெரிய எழுத்தில் பெயர், அதை ஒட்டி முகவரியும் தொலைபேசி எண்ணும், பிறகு பச்சை நிறத் தலைப்புகளின் கீழ் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டத்தில் விவரங்கள். செரிஃப் பார்வைக்கு இன்னும் எடுப்பானது. ஆனால் அது பக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறது. விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் வழியாகச் சலிக்கும் நிறுவனங்கள் பல இருப்பதால், எழுத்துகள் பிரித்தெடுக்கப்படும்போது வரிசை குழம்பாத ஒற்றை ஓட்டமே பாதுகாப்பானது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள், அங்கே கோவையாகப் படிக்க முடிந்தால் கவலையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, தலைப்புகள் எல்லாம் ‘ஹெட்டிங்’ பாணிகளாக அமைக்கப்பட்டிருப்பதுதான். ஒரு தலைப்பின் அளவை மாற்றி, அந்தப் பாணியைப் புதுப்பித்தால் மற்றவையும் மாறிவிடுகின்றன. ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி வரிகளை நேராக்கும் வேலை இல்லை.

அப்படியே நிரப்பி அனுப்பக்கூடியதும் அல்ல இது. அனுபவம் முதலிலும் கல்வி அதற்குப் பிறகும் வருகின்றன. புதிதாகப் படித்து முடித்தவர்கள் கல்வியை மேலே ஏற்றிவிட வேண்டும். நிறுவனத்தின் பெயர் தடித்த எழுத்திலும் பதவி அதன் பின்னால் சாய்வெழுத்திலும் இருக்கின்றன. தேர்வு செய்பவரின் கண் தேடுவது பதவியை என்பதால் நாங்கள் இதைத் தலைகீழாக்கினோம். பக்க அமைப்பில் தாள் ‘லெட்டர்’ என்று இருந்தால் ஏ4 ஆக மாற்றுங்கள். லெட்டர் தாள் ஏ4-ஐவிட 18 மில்லிமீட்டர் குட்டையானது. நம் ஊர் அச்சுப்பொறிகளில் இருப்பதோ ஏ4. மாதிரிக்காக வைத்திருக்கும் ‘லோரம் இப்சம்’ வரிகளில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது.

உண்மையில் அதிக நேரம் எடுத்தது ஒரே ஒரு வரி. கணக்குப் பதிவு மென்பொருளான டாலியைப் பற்றிப் பழைய பயோடேட்டாவில் ‘டாலி தெரியும்’ என்று மட்டுமே இருந்தது. வார்ப்புருவில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே இடமும் காலமும் விவரமும் கேட்கப்படுவதால், விடுமுறையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் என்ன செய்தாள் என்று அவளிடம் கேட்டேன். “பில் போட்டேன், மாமா” என்றாள். மேலும் கேட்கக் கேட்க, அந்த வரி இப்படி ஆனது: ‘கொள்முதல், விற்பனைப் பட்டியல்களை டாலியில் தினமும் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கான விற்பனை விவரங்களை மாதந்தோறும் தொகுத்துக் கொடுத்தேன்.’ அவள் செய்த வேலைதான். அதற்கு உரிய இடம் அதுவரை தாளில் இல்லை.

முடித்ததும் பிடிஎஃப்பாக இறக்குங்கள். வேர்டு கோப்பாக அனுப்பினால், பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது வரிகள் இடம் மாறலாம். கோப்புக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் பதவியையும் சூட்டி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை கைப்பேசியில் திறந்து பாருங்கள். எங்கள் கண்ணுக்குத் தப்பிய எழுத்துப் பிழை ஒன்று அங்கேதான் அகப்பட்டது.