ஆப்பிள் ஆய்வில் எச்பிஎல்சி முதல் டைட்ரேஷன் வரை: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

ஆப்பிளில் பாலிஃபீனால் (துவர்ப்பு, நிறம் போன்றவற்றைத் தரும் தாவரச் சேர்மங்கள்), சர்க்கரை, அமிலம் பார்க்கும் வேலை எனக்குப் பல வருடப் பழக்கம். புதிதாக லேப் அமைப்பவர்கள் "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். திரவ நைட்ரஜனுக்கு வழி செய்துவிட்டு மெஷினைப் பற்றி யோசியுங்கள் என்பேன்.

பழத்தில் கத்தி பட்டதுமே பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி வேலையைத் தொடங்கிவிடும். குளோரோஜெனிக் அமிலம், கேட்டச்சின் என்று நாம் அளக்க வந்தவற்றைத்தான் அது முதலில் தீர்க்கும். துண்டுகளை உடனே நைட்ரஜனில் போட்டு, உறைந்தபடியே ஃப்ரீஸ் டிரை செய்து (வெற்றிடத்தில் நீரை நீக்கி) பொடித்தால் பொடி வெளிறிய நிறத்திலேயே நிற்கும். பழுப்பேறிய பொடியை நான் மெஷின் பக்கமே கொண்டுபோவதில்லை. தோலும் சதையும் தனித்தனியாகத்தான். குவெர்செட்டின் வகைகள் பெரும்பாலும் தோலில் இருப்பவை.

எச்பிஎல்சியில் (கரைசலில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் மெஷின்) சி18 பிரிப்புக் குழாயும் (column), பல ஒளி அலைநீளங்களில் பார்க்கும் டயோடு அரே டிடெக்டரும் இருந்தால் ஒரே ஓட்டத்தில் நிறைய பார்த்துவிடலாம். 280 நானோமீட்டரில் கேட்டச்சின்களும் ஃப்ளோரிட்சினும், 320இல் குளோரோஜெனிக் அமிலம், 360 அருகே குவெர்செட்டின்கள், 520இல் சிவப்புத் தோலின் சயனிடின் கேலக்டோசைடு. தொல்லை 280இல்தான். குளோரோஜெனிக் அமிலம் அங்கேயும் ஒளியை உறிஞ்சும். கேட்டச்சின் பீக்குக்கு (வரைபடத்தில் எழும் மேட்டுக்கு) பக்கத்திலேயே வந்து அதன் தோளில் ஏறிக்கொள்ளும். கிரேடியன்ட்டை (ஓட்டத்தின்போது கரைப்பான் விகிதம் மாறும் விதத்தை) எவ்வளவு மாற்றியும் பிரியாவிட்டால் ஃப்ளோரசன்ஸ் டிடெக்டரை இணைத்துப் பாருங்கள். கேட்டச்சின்கள் அதில் பளிச்சென்று தெரியும், குளோரோஜெனிக் குறுக்கே வராது. பிரிப்புக் குழாயைக் காக்கும் சிறு முன்குழாய் (guard column) இல்லாமல் ஆப்பிள் சாற்றை ஏற்றவே வேண்டாம்.

மொத்த பாலிஃபீனாலை நீல நிறத்தின் அடர்த்தியால் அளக்கும் ஃபோலின் சியோகால்டு முறை மலிவு, வேகம். ஆனால் வைட்டமின் சியும் ஒடுக்கும் சர்க்கரைகளும்கூட அந்த நீல நிறத்தைத் தரும். ஒரே தொகுதிப் பழங்களை ஒப்பிட மட்டும் வைத்திருக்கிறேன். "மொத்த பாலிஃபீனால் இவ்வளவு" என்று அதை மட்டும் நம்பி அறிக்கை எழுதுபவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

மெச்சத்தக்கது டைட்ரேஷன், அதாவது காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தை அளப்பது. 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, பிஎச் 8.2 வரை, அவ்வளவுதான். 1 மில்லி காரத்துக்கு 6.7 மில்லிகிராம் மாலிக் அமிலம். சிட்ரிக் அமிலத்துக்கான 6.4ஐப் போட்டுக் கணக்கிட்ட தாள்கள் இன்னும் கைக்கு வருகின்றன! சாற்றில் கரைந்திருப்பதை ஒளிவிலகலால் காட்டும் பிரிக்ஸ் மீட்டரையும் சர்க்கரை மீட்டராக நினைக்காதீர்கள். சார்பிட்டால், அமிலம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண். ஃப்ரக்டோஸ் எவ்வளவு, சுக்ரோஸ் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் எச்பிஎல்சியில் ஆர்ஐ (ஒளிவிலகல்) டிடெக்டர்தான் கதி, அதுவும் கிரேடியன்ட் இல்லாமல்.

சாற்றில் பட்டுலின் (அழுகிய பழத்தில் பூஞ்சை உண்டாக்கும் நச்சு) பார்ப்பவர்களுக்கு ஒன்று: சூடேற்றிய சாற்றில் எச்எம்எஃப் (சர்க்கரை சிதைந்து வரும் சேர்மம்) உண்டாகும், 276 நானோமீட்டரில் அதன் பீக் பட்டுலினை ஒட்டியே வரும். ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம்தான் என்பதால், இரண்டும் பேஸ்லைன் வரை பிரியாத குரோமடோகிராமில் (எச்பிஎல்சி வரைபடத்தில்) நான் கையெழுத்துப் போடுவதில்லை.