வீட்டுக்கடன்: ஒருவர் பெயரிலா, இருவர் பெயரிலா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீடு வாங்கும் தம்பதிகள் முதலில் பேசி முடிக்க வேண்டியது இதைத்தான்.

ஆதாரமும் (வீட்டின் கிரயப் பத்திரம்) கடனும் கணவர் பெயரில் மட்டும் என்றால் வேலை சுலபம். தவணை தவறினாலும் ஜாமீன் போடாத மனைவியை வங்கி கேட்க முடியாது. ஆனால் முன்பணத்துக்கு வளையலையும் ஆரத்தையும் விற்றுக் கொடுத்தவரே மனைவி என்றாலும், ஆதாரத்தில் பெயர் இல்லாவிட்டால் பங்கு கேட்டு நீதிமன்றம்தான் போகவேண்டும். கல்யாணம் ஆனதாலேயே பாதி சொத்து என்று நம் சட்டத்தில் கிடையாது. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் குடியிருக்கும் உரிமையைத்தான் தருகிறது. இந்துக் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், கணவரின் அம்மா எல்லோருக்கும் சமபங்கு.

இருவர் பெயரிலும் என்றால் மனைவியின் கையெழுத்து இல்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. பழைய வருமான வரி முறையில், இருவரும் தவணை கட்டினால், வட்டிக்குத் தலா 2 லட்சம் வரை கழிவும் உண்டு. பதிலுக்கு முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. சரி, அது நியாயமான விலைதான்.

மோசமானது மூன்றாவது வகை: வங்கியில் மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆதாரத்தில் பெயரை விட்டுவிடுவது. கடன் உண்டு, வீடு இல்லை. தயவுசெய்து அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பதிவுக்கு முன் ஆதார நகலில் வாங்குபவர் பெயரைப் படியுங்கள். அப்புறம் வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவும் (வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) இருவர் பெயரில் நடந்ததா என்று கர ரசீதில் (நிலவரி ரசீது) பாருங்கள்.