பந்தா, மட்டையா, பேடா, வேட்டியா? பழைய ஹாக்கிக்காரர்களின் கையெழுத்தை எதில் வாங்குவது

என் மாமனார் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஹாக்கி கோல் கீப்பராக நின்றவர். இப்போது எழுபத்தெட்டு வயது. காலை நடையில் நாய் குறுக்கே ஓடிவந்தால், இன்றைக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் மறிப்பார். போன வருடம் அவருடைய பழைய அணியில் இரண்டு பேர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாவது துக்க வீட்டிலிருந்து திரும்பும் வழியில் அவரே பேச்சை எடுத்தார்: மிச்சம் இருப்பவர்களின் கையெழுத்தையெல்லாம் ஒரே பொருளில் வாங்கி வைத்துவிட வேண்டும்.

அதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தப் பொருளில் என்பதில்தான் வீடு நாலாகப் பிரிந்தது. மாமா பந்து என்றார். மைத்துனன் மட்டை என்றான். நான் கார் கொட்டகையில் கிடந்த, கீப்பர் காலில் கட்டும் பேடைக் காட்டினேன். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "வேட்டியில் வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டர்பன் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் முப்பது வருடம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தவர் அவர். அன்றைக்கு அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதத்தில் நான்கையும் முயன்று பார்த்துவிட்டேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அத்தை ஜெயித்தார். ஆனால் எல்லாருக்கும், எல்லாக் கையெழுத்துக்கும் அது பொருந்தாது.

இந்த ஆட்டக்காரர்கள் யார் என்று தெரிந்தால்தான் காரணம் புரியும். வெள்ளையர் ஆட்சியின் நிறவெறிக் கொள்கையால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைப்பு இல்லை. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றினார்கள். திரும்பி வந்தது 1992இல். இடையில் அழைப்பு வந்திருந்தாலும் டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கோவிந்தசாமியை யாரும் தேசிய அணிக்கு எடுத்திருக்கப் போவதில்லை. இவர்கள் ஆடியது நிறவேற்றுமை பாராட்டாத தனிப் போட்டிகளில். 1973இல் தொடங்கிய 'சகோஸ்' என்ற விளையாட்டு மன்றத்தின் முழக்கம், இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்பது. வெள்ளையர் சங்கங்கள் பிற்பாடு கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டபோதும் அந்தக் கொள்கைக்காக உள்ளே போகாமல் இருந்தவர்கள் இவர்கள். தென்னாப்பிரிக்க ஆண்கள் ஹாக்கி அணி முதன்முதலில் ஒலிம்பிக் ஆடியது 1996 அட்லாண்டாவில். அப்போது மாமாவுக்கு ஐம்பது வயதை ஒட்டி.

ஆகவே இவர்களிடம் தேசிய அணிச் சட்டை கிடையாது, பதக்கம் கிடையாது, இணையத்தில் தேடினால் பெயரும் வராது. புகழ் பெற்றவரின் கையெழுத்து ஒரு துண்டுச் சீட்டில் இருந்தாலும் அது யாருடையது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். இவர்களுடையதை வாங்கும் பொருளில் பெயரைத் தெளிவாக எழுதவும், களத்தில் எந்த இடத்தில் ஆடினார், எந்த வருடங்களில் ஆடினார் என்று சேர்க்கவும் இடம் வேண்டும். நான்கு பொருளையும் நான் அளந்தது இந்தக் கோலால்தான்.

பந்து முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஹாக்கிப் பந்தின் சுற்றளவு 224 முதல் 235 மில்லிமீட்டர். ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் சிறியது. இப்போது கடையில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் உடம்பெல்லாம் சிறு குழி. பேனா முனை ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏறும். வழவழப்பான பந்தாகத் தேடி வாங்கினேன். அதைத் தேநீர்க் கோப்பையின் வாயில் உட்கார வைத்தால் உருளாது என்பதும் பிறகு தெரிந்தது. ஆனால் கை நடுங்குகிறவருக்கு வளைந்த பரப்பு பெரிய எதிரி. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அழியாமல் இருக்கட்டும் என்று மேலே வார்னிஷ் தெளித்தேன். அழியாத மை என்று பெயர் பெற்ற மார்க்கரின் மை வார்னிஷில் உள்ள கரைப்பானில் கரைந்து, நாலு பெயரும் ஒரே ஊதா மேகமாகிவிட்டது. வெட்கத்தோடு நால்வரிடமும் மறுபடி போய் நின்றேன். டோங்காட்டில் இருப்பவர் மட்டும், "பெனால்டி கார்னரைத் திரும்ப எடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மட்டையின் கதை வேறு. மைத்துனன் கணக்கில் கெட்டிக்காரன். நல்ல கார்பன் மட்டை ஒன்றை வாங்கி, அதில் டர்பனிலேயே பிறந்து நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய மார்ஷா காக்ஸ், 2011இல் உலகில் அதிகக் கோல் அடித்த மகளிர் ஆட்டக்காரர் என்ற சாதனையைப் பிடித்த பீட்டி கூட்சியா போன்றவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், நடுவில் மாமாவின் ஆட்களும் போடட்டும், பிறகு கோவில் நிதிக்கு ஏலம் விடலாம் என்பது அவன் யோசனை. தவறில்லை. தெரிந்த பெயர்களுக்கு மட்டையை மிஞ்சிய பொருளில்லை. சுவரில் இரண்டு கொக்கி போதும். கறுப்பு மட்டையில் வெள்ளி நிற வண்ண மார்க்கர் பளிச்சென்று நிற்கும். தன்ராஜ் பிள்ளையோ, 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் பாஸ்கரனோ என்றைக்காவது டர்பனுக்கு வந்தால் நானும் மட்டையைத்தான் நீட்டுவேன். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் பிறந்தவன் நான். அந்தப் பெயர்களைக் கேட்டால் எனக்கும் கை பரபரக்கும்.

இடம்தான் பிரச்சினை. 51 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள வளையத்துக்குள் மட்டை நுழைய வேண்டும் என்பது விதி. அதாவது எந்த இடத்திலும் ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் கிடையாது. தட்டையான முகமும் ஒரு பக்கம்தான். பெயரை நீளவாக்கில் எழுதலாம். பெயருக்குக் கீழே 'லெஃப்ட் இன், 1968–79' என்று எழுத இடமில்லை. பழைய முசுக்கட்டை மர மட்டை என்றால் இன்னொரு தொல்லை: பூச்சு தேய்ந்த இடத்தில் மை மரத்தின் ரேகை வழியே ஓடிவிடும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெருலத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவரிடம் மர மட்டையைக் கொடுத்தேன். பேனாவைப் பார்க்கவே இல்லை. ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தார். இடது கை மேலே, வலது கை நடுவே; மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி மட்டையின் முனையைக் கவிழ்த்து, இல்லாத பந்தை இல்லாத எதிராளியின் வலப்பக்கமாக இழுத்துக் காட்டினார். அவருடைய மருமகள் காபித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். அரை மணி நேரம் ஆட்டக் கதை. கையெழுத்து வாங்க இன்னொரு நாள் போக வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த மட்டையைக் கொண்டுபோகிறேன், கையெழுத்துக்காக இல்லாவிட்டாலும்.

பேட் என் கட்சி, அதனால் கொஞ்சம் வலிக்கிறது. இப்போதைய கீப்பர்கள் கட்டும் நுரைப் பலகை இல்லை இது. கிரிக்கெட் பேடைப் போல நெடுக்க வரி வரியாகப் புடைத்த, பஞ்சு அடைத்த பழைய கான்வாஸ் பேட். ஒரு புடைப்புக்கு ஒரு பெயர், மேலிருந்து கீழாக, கோவில் தூணில் உபயதாரர் பெயர் வெட்டியதுபோல இருக்கும் என்று கற்பனை செய்திருந்தேன். முதல் கையெழுத்து இரண்டு வாரத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. காரணம் மாமாதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் சனிக்கிழமை இரவு பேடுக்கு வெள்ளைப் பூச்சு பூசுவாராம், கான்வாஸ் ஷூவுக்குப் பூசுவார்களே, அது. பல வருடப் பூச்சு சுண்ணாம்புச் சுவர்போல மேலே படிந்திருந்தது. மை கான்வாஸைத் தொடவே இல்லை. பொடியின் மேல் உட்கார்ந்து பொடியோடு போய்விட்டது. பல் துலக்கும் பிரஷால் மூன்று நாள் தேய்த்து எடுத்தேன். அடியிலிருந்து பந்து பட்ட வட்டத் தழும்புகள் வெளியே வந்தன. மாமா அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அந்தத் தழும்புகளின் மேல் எழுத எனக்கே மனம் வரவில்லை.

ஆட்டக்காரர்களுக்கும் வரவில்லை. பழைய சென்டர் ஃபார்வர்டு ஒருவர், "ஆயுள் முழுக்க இதைத் தாண்டி அடிக்கத்தான் பார்த்தேன், இதில் நான் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?" என்று தள்ளிவிட்டார். இன்னொருவர் நிஜமாகவே தயங்கினார். காலில் கட்டுகிற பொருளில் பெயரை எழுதுவது அவருக்குச் சரியாகப் படவில்லை. வருடா வருடம் காவடி எடுக்கிறவர். அவர் பெயரிலேயே முருகன் இருக்கிறார். வற்புறுத்த முடியுமா? போதாததற்கு டர்பன் கடற்கரை ஈரம். பஞ்சு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடையில் பேடின் உட்புறத்தில் பூஞ்சை புள்ளி வைத்துவிடுகிறது. ஒரே ஒரு கீப்பரின் நினைவாக, அவர் ஒருவரே கையெழுத்துப் போட்ட பேட் என்றால் நான் இன்றைக்கும் முதல் ஓட்டு அதற்குப் போடுவேன். பலருக்கு ஆகாது.

கடைசியில் அத்தையிடம் போய் நின்றோம். "வேட்டியும் காலில்தானே கட்டுகிறது?" என்று மைத்துனன் குத்தினான். "இடுப்பில்" என்றார் அத்தை. விவாதம் அத்தோடு முடிந்தது.

நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்தார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். முதல் வேலையாக அதை வெந்நீரில் இரண்டு முறை அலசிக் கஞ்சியை எடுத்தார். கஞ்சி இருந்தால் மை நூலுக்குள் இறங்காது, அடுத்த அலசலில் போய்விடும். துணி சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். சாதாரண மார்க்கர் நூல் வழியே பரவி எழுத்துக்கு மீசை முளைக்க வைக்கும் என்பதால், நிறமி மை ஊற்றிய மெல்லிய முனைப் பேனா. ஒவ்வொரு வீட்டிலும் எம்ப்ராய்டரி வளையத்தில் துணியை முரசுத் தோல்போல இழுத்துப் பூட்டி, அடியில் அட்டை வைத்து மடியில் கொடுப்போம். மடியில் ஊன்றி எழுதும்போது நடுக்கம் பாதியாகக் குறைகிறது. வேண்டிய அளவு இடம் இருப்பதால் யாரும் அவசரப்படுவதில்லை. ஒருவர் தன் பெயருக்குக் கீழே 'ரைட் அவுட்' என்றும், அதன் கீழே முழங்கால் முறிந்த வருடத்தையும் எழுதினார். இன்னொருவர் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, சின்ன வயதில் மாலைப் பள்ளியில் படித்த தமிழில் மறுபடி எழுதினார். 'ழ'வின் வால் எந்தப் பக்கம் திரும்பும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

பிறகு அத்தை மையின் மேலேயே காம்புத் தையல் போடுகிறார். ஆறிழை நூலைப் பிரித்து இரண்டிழையில். அடர் பச்சை, அணியின் நிறம் அது. நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் போகாது என்று தெரிந்த பிறகே ஊசியைத் தொட்டார். ஒரு பெயருக்கு இரண்டு மாலை ஆகிறது.

கையெழுத்துச் சேகரிப்பில் பழம் தின்று கொட்டை போட்ட நண்பர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்: தைத்துவிட்டால் அது அத்தையின் கையெழுத்து, மையை மூடிய கையெழுத்துக்கு விலையே கிடையாது. விலையைப் பொறுத்தவரை அவர் சொல்வது முழுக்கச் சரி. விற்க நினைப்பவர்கள் துணிப்பக்கமே போக வேண்டாம். அடையாளத்தைப் பொறுத்தவரை நானும் பயந்தேன், பயத்துக்குக் காரணமும் இருந்தது. வெருலத்துக்காரரின் கையெழுத்தில் கடைசிக் கோடு நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. அத்தை அதைப் பாவம் என்று நேராக்கித் தைத்துவிட்டார். அடுத்த முறை போனபோது அவருடைய மனைவி துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "பேர் அவருடையதுதான். கை அவருடையது இல்லையே" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிளேடு முனையால் அந்தக் கோட்டைத் தையல் தையலாகப் பிரித்தார். அடியில் மை அப்படியே இருந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, கோடு நடுங்கிய இடத்திலெல்லாம் ஊசியையும் நடுங்க விட்டுத் தைத்தார். அதற்கு மட்டும் மூன்று மாலை. இப்போது தைப்பதற்கு முன் ஒவ்வொரு கையெழுத்தையும், எழுதியவர் கையோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்துத் தேதி போட்டு வைக்கிறேன்.

வேட்டியை மடித்து வைப்பதில்லை; மடிப்பில் நூல் அறும். துணிக்கடையில் கேட்டு வாங்கிய அட்டைக் குழாயில் சுருட்டி, மேலே பழைய மல் துணி சுற்றி, வெயில் படாத அலமாரியில் வைத்திருக்கிறோம். பதினொரு பேரில் எட்டுப் பேருடையது முடிந்துவிட்டது. ஒன்பதாவது டர்பனின் பீனிக்ஸ் பகுதியில், வரும் ஞாயிற்றுக்கிழமை. பேட் வேண்டாம் என்று தள்ளிய அதே சென்டர் ஃபார்வர்டு. மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் இடம் வேண்டாம், எதிர்ப்பக்கம் கொடுங்கள் என்று இப்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டார்.