கார்பன் குழாயா, தானே சுருளும் குழாயா?

காரைக்குடியில் முதுகலை புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பேட்டரி, துரு, மின்முலாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊர், காற்றே அப்படி. நானோகுழாய்தான் என்று நான் பிடிவாதமாக நின்றபோது இரண்டு வழி இருந்தது: கார்பன் குழாய், இல்லையென்றால் குறைக்கடத்தி மெல்லேட்டை (சில நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை) சுருளவிட்டுச் செய்யும் குழாய். இரண்டாவதை எடுத்தேன்.

கார்பனின் பெருமை ஊரறிந்தது. 1991-ல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமாவின் கட்டுரை வந்த பிறகு பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. விட்டம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு இறங்கும், உறுதி அபாரம், பொடியாக விலைக்கே கிடைக்கிறது. பொடியாகக் கிடைப்பதுதான் வம்பே. பிரித்தெடுக்காத ஒற்றைச்சுவர்க் குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகம்போலக் கடத்தும், மற்றவை குறைக்கடத்தி. எது எங்கே போய் விழும் என்பது அதன் இஷ்டம். அதை வைத்துச் சர்க்யூட் செய்யவே முடியாது என்றும் சொல்ல முடியாது: 2019-ல் எம்.ஐ.டி. குழு 14,000-க்கு மேற்பட்ட கார்பன் குழாய் டிரான்சிஸ்டர்களை வைத்து ஒரு பிராசசரையே ஓட்டிக் காட்டியது. அந்த வசதி நம்மிடம் ஏது?

என்னைச் சாய்த்தது அந்த 'எங்கே' என்ற கேள்விதான். சுருளும் குழாயில் இடத்தை நாம்தான் முடிவுசெய்கிறோம். காலியம் ஆர்சனைடு தகட்டின் மேல் முதலில் அலுமினியம் ஆர்சனைடு, கரைந்து போவதற்கென்றே வைக்கிற அடுக்கு. அதன் மேல் இண்டியம் கலந்த காலியம் ஆர்சனைடு, அதற்கும் மேல் வெறும் காலியம் ஆர்சனைடு, இரண்டும் சில நானோமீட்டர். இண்டியம் ஆர்சனைடின் படிக இடைவெளி (அணு அடுக்கு திரும்பத் திரும்ப வரும் தூரம்) காலியம் ஆர்சனைடைவிடச் சுமார் 7 சதவீதம் பெரிது. அதனால் இண்டியம் கலந்த அடுக்கு நெருக்கப்பட்டே உட்கார்ந்திருக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அடியடுக்கை அரிக்க அரிக்க, நெருக்கப்பட்டது விரியும், மேலே உள்ளது அந்த அளவு விரியாமல் இழுத்துப் பிடிக்கும்; கொட்டான் பின்ன வெயிலில் போட்ட பனையோலைபோல ஓரம் எழும்பிச் சுருண்டுகொள்ளும்.

2000-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் பிரின்ஸ் குழுவும், 2001-ல் ஜெர்மனியில் ஷ்மிட், எபெர்ல் இருவரும் காட்டிய வித்தை இது. விட்டத்தை அடுக்கின் தடிமனும் இண்டியத்தின் அளவும் தீர்மானிக்கும். எங்கே, எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்பதை லித்தோகிராஃபியில் (தகட்டின் மேல் நுண்வடிவங்களைப் பதிக்கும் முறை) வரையும் செவ்வகம் தீர்மானிக்கும். செவ்வகத்தின் விளிம்பைப் படிகத்தின் திசை பார்த்து வைக்க வேண்டும், கோணினால் குழாய் திருகிக்கொள்ளும்.

தொல்லையும் உண்டு. அமிலத்துக்குப் பக்கத்தில், தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது. அப்புறம் உலர்த்துவது. சும்மா காயவிட்டால் நீரின் பரப்பு இழுவிசையே மெல்லிய குழாயை நசுக்கிவிடும். திரவ கார்பன் டையாக்சைடை வைத்து மாறுநிலை (திரவம், வாயு என்ற வேறுபாடே மறையும் நிலை) தாண்டி உலர்த்த வேண்டும். அடுக்கு வளர்த்த தகடு எனக்கு வெளியிலிருந்து வந்தது, அதனால் அதன் செலவைப் பற்றி நான் அடித்துப் பேச முடியாது.

"இத்தினியூண்டு குழாய்ல என்னத்தப்பா ஊத்தப் போறே?" என்றார் ஆச்சி. கேள்வி சரிதான், ஊற்றவும் செய்கிறார்கள்: சுருட்டிய குழாயின் உட்சுவரில் பிளாட்டினம் இருந்தால், ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துக் குமிழி தள்ளிக்கொண்டு தானே நீந்தும். குவாண்டம் புள்ளிகளை (ஒளிவிடும் நானோ படிகங்கள்) உள்ளே வைத்தால் சுவரையே சுற்றிவரும் ஒளியைக்கொண்டு உணரி செய்யலாம். எனக்குப் பிடித்தது இண்டக்டர், மின்னோட்டத்தின் ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேர்த்துவைக்கும் சுருள். சிப்பில் அது தட்டையான சுருளாகப் படுத்துக்கொண்டு இடத்தை அடைக்கும். உலோகப் பட்டையோடு மெல்லேட்டைச் சுருட்டினால் அதே வேலையை மிகக் குறைந்த இடத்தில் முடிக்கலாம். இதற்கு சிலிக்கான் நைட்ரைடு மெல்லேடே போதும், விலையுயர்ந்த படிக அடுக்கு வேண்டாம்.

உங்கள் கைடு டிரான்சிஸ்டர் ஆள் என்றால் கார்பன் பக்கமே போங்கள். இண்டக்டர், உணரி, நுண்மோட்டார் என்றால் சுருளும் குழாய். முதலில் உலர்த்தும் கருவி எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுத் தலைப்பைக் கொடுங்கள்.