பிரித்துப் போட்ட ஹெரால்டுக்கு விலை போட்டவர்

ஓடுகிற பழைய காருக்கு விலை சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கிற காருக்கு ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. எங்கள் 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காங்கேயத்தில் தேங்காய்க் களத்துச் செட்டில் நிற்கிறது. முன்பக்கம் பெயிண்ட், பின்பக்கம் பிரைமர், கண்ணாடிகள் சாக்கு சுற்றிய கட்டில். அப்பா காலமான பின் பாகம் பிரித்தபோது வண்டி எனக்கு, அண்ணன் பங்குக்கு நான் பணம் தருவது என்று பேச்சு. அண்ணன் ஆறு லட்சம் பெறும் என்றார். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

கடைசியில் கோயமுத்தூரிலிருந்து நேரில் வந்து மதிப்பீடு செய்து தரும் ஒருவரைப் பிடித்தோம். முன்பு இன்சூரன்ஸ் சர்வேயர், இப்போது பழைய வண்டிகள் மட்டும் பார்க்கிறார். கட்டணம் 7,500 ரூபாய், பெட்ரோல் காசு தனி.

அதுவரை ஆன செலவுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு பில் வைத்திருந்தேன். கோப்பை நீட்டினால், "அது அப்பறம் இருக்கட்டும் அம்மிணி, முதல்ல வண்டியப் பாக்கலாமுங்க" என்று கீழே வைத்துவிட்டார். நல்ல மனுசன்தான், கொஞ்சம் கறார்.

ஹெரால்டில் பானெட்டும் முன் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். தெரிந்தவர் பார்க்கும் முதல் இடம் அந்தப் பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் சந்து. இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து அந்தச் சந்தில் மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார். வலது பக்கம் சீராக இறங்கியது. இடது பக்கம் பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த வண்டிக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சந்து கோணினால் பாடியைச் சரியாக உட்கார வைக்கவில்லை, அல்லது அடியில் சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருவில் தளர்ந்திருக்கின்றன என்று அர்த்தமாம். பெயிண்ட் கனம் பார்க்கும் கருவியைக் கதவில் வைத்தார்: 140 மைக்ரான். அதற்குக் கீழே ஓரத் தகட்டில் வைத்ததும் 1,100. உள்ளே பட்டிதான். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்ததாகச் சொல்லித்தான் அந்த டிங்கரிங் பட்டறையில் காசு வாங்கினார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அண்ணன் ஆசைப்பட்டு நாற்பத்தைந்தாயிரத்துக்குத் தோல் சீட் போட வைத்திருந்தார். அதற்கு அறிக்கையில் ஒரு ரூபாய் கூடவில்லை. அந்த வண்டிக்கு ரெக்சின்தான், வாங்க வருகிறவர் தோலைக் கழற்றிவிட்டு ரெக்சின் போடுவார், அது அவருக்குச் செலவு என்றார். ஆனால் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கிய கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) டிரனியன், ஆறாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம், அதற்கு நல்ல மதிப்புக் கொடுத்தார். முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற மரைதான் டிரனியன். அதற்குக் கிரீஸ் கூடாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். அது தெரியாமல் ஓட்டினால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டிப் பார்த்தவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

கணக்கு இதுதான். முழுசாக முடிந்தால் இந்த வண்டி, நாலு கதவு, 948 சிசி அசல் இஞ்சினோடு, நாலேகால் லட்சம். (நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. சென்னையில் செய்த வண்டி என்பதால் நம்ம பக்கம் ஆசைப்படுகிறவர் உண்டு.) மிச்ச வேலைக்கு, பட்டியை உடைத்துத் தகடு வைப்பதையும் சேர்த்து, 1,75,000. பிரித்த வண்டியில் இன்னும் என்ன பூதம் கிளம்புமோ என்று ஒரு 40,000. இரண்டையும் கழித்தால் இன்றைய மதிப்பு 2,10,000. பில்லைக் கூட்டி விலை சொல்வது வழக்கமில்லை, பில் வேலை நடந்ததற்குச் சாட்சி மட்டும் என்றார். வேலை நடக்கும்போது படம் எடுத்து வைத்திருந்தால் அந்த 40,000-ஐக் குறைத்திருப்பாராம்.

ஆர்.சி. புக்கில் இருந்த சேஸிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போனது பெரிய நிம்மதி. 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், பாடி, இஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது, தினசரி ஓட்டத்துக்கும் எடுக்க முடியாது. புக் இன்னும் அப்பா பெயரில் இருப்பதால், முதலில் ஃபாரம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றச் சொன்னார். இன்சூரன்ஸுக்கும் இதே அறிக்கை உதவும். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் எழுதும் வண்டி மதிப்பை, கம்பெனியும் நாமும் பேசித்தான் முடிவு செய்கிறோம், பேசக் கையில் காகிதம் வேண்டுமே.

குறையும் உண்டு. ஒரு வாரம் என்று சொன்ன அறிக்கை மூன்றாம் வாரம்தான் வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். அம்மாவுக்கு நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. கியர் பாக்ஸைத் திறக்கவில்லை, "பார்க்கவில்லை" என்று ஒற்றை வரி. நாலேகால் லட்சத்துக்கு ஆதாரமாக மூன்று விற்பனைகளைக் காட்டியிருக்கிறார், அதில் ஒன்று பெங்களூருவில் நடந்தது. நம்ம ஊர் விலை அதிலிருந்து எவ்வளவு இறங்கும் என்று எழுதியிருக்கலாம்.

விற்க மட்டும் நினைப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை, தரகர் போதும். பாகப்பிரிவினை, இன்சூரன்ஸ், இல்லை மேற்கொண்டு காசு போடலாமா என்ற யோசனை இருந்தால் தாராளமாகக் கூப்பிடலாம். அண்ணன் தோல் சீட் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, 2,10,000-க்கே சம்மதித்துவிட்டார். தகடு வேலை முடிந்து ஆர்.சி. மாறியதும் மதிப்பீட்டாளர் மறுபடி வந்து பார்ப்பாராம், இரண்டாம் முறைக்குப் பாதிக் கட்டணம்.