செக் எஞ்சின் லைட் அணைந்துவிட்டது என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள்

மூன்றாவது முறை பணம் கட்டி வண்டியை எடுத்து வந்த அன்று, டேஷ்போர்டு கடிகாரம் சம்பந்தமே இல்லாமல் 1:07 காட்டியது. ரேடியோவில் நான் பதிந்து வைத்திருந்த அலைவரிசைகளையும் காணோம். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், வேறொன்றும் செய்யவில்லை என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். டேஷ்போர்டில் மஞ்சள் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து 'பி0171' என்ற கோட் (பழுதுக் குறியீடு) வந்திருக்கிறது என்றார்கள். எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். உடனே "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார் அட்வைசர். புகைக்குழாயில் ஆக்சிஜனை அளப்பது அது. மாற்றினார்கள், விளக்கு அணைந்தது, இரண்டே நாளில் திரும்ப எரிந்தது. அடுத்து, காற்றை அளக்கும் மாஃப் சென்சார். அதுவும் நான்கு நாள்தான். மூன்றாவது தடவை 'வயரிங் செக், ஈசியூ ரீசெட்' என்று பில்லில் ஒரு வரி. ஈசியூ என்பது எஞ்சினின் கம்ப்யூட்டர். கிளம்பும்போது, இன்னொரு முறை எரிந்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே மாற்ற வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். கன்வெர்ட்டர் திறன் குறைந்தால் வரும் கோட் வேறு, பி0420. அது என் வண்டியில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஒவ்வொரு முறையும் விளக்கு எப்படி அணைந்தது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. ஸ்கேனரில் கோட்-ஐ அழித்தாலோ, பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினாலோ, பழுது அப்படியே இருந்தாலும் விளக்கு அணைந்துவிடும். இந்த வகைக் கோட்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே குறை தென்பட்டால்தான் மறுபடி எரியும். அதற்குள் நாம் பணம் கட்டி, நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம். அழிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து போகிறது. கோட் விழுந்த நொடியில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்ற 'ஃப்ரீஸ் ஃபிரேம்' பதிவுதான் அது. திருட்டு நடந்த வீட்டைக் கழுவி விட்ட மாதிரி.

கடைசியில் போனோடு இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருகினேன். 'கோட் அழித்த பின் ஓடிய தூரம்' என்று ஒரு வரி வந்தது: 3 கிலோமீட்டர். ஒர்க்‌ஷாப்பிலிருந்து என் வீடு அவ்வளவுதான். வண்டி தன்னைத்தானே சோதிக்கும் மானிட்டர்கள் பெரும்பாலும் 'முடியவில்லை' என்றே காட்டின. டெஸ்ட் டிரைவ் போய் எல்லாம் சரிபார்த்தோம் என்று சொன்னவர்கள் வண்டியை கேட்டுக்கு வெளியேகூட எடுத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் லாங் டேர்ம் ஃப்யூவல் டிரிம்மைப் பார்த்தேன். கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்று காட்டும் எண் இது. சில நாள் ஓட்டி, எண் நிலைக்கு வந்த பிறகு பார்த்தால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, +21 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் வைத்துப் பிடித்தால் +6. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தால் பாரம் ஏற ஏற இந்த எண் கூடும். இங்கே தலைகீழாக ஐடிலில்தான் அதிகம். ஐடிலில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உறிஞ்சல் பலமாக இருக்கும், சின்ன ஓட்டை வழியாக நுழையும் காற்றுகூடப் பெரிய பங்காகிவிடும். ஆக, எங்கோ வேக்யூம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று நுழையும் கசிவு.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கோட்-ஐ அழிக்க வேண்டாம், ஸ்மோக் டெஸ்ட் மட்டும் செய்யுங்கள் என்றேன். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் புகையை ஏற்றி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸ் வளையும் இடத்தில், அடிப்பக்கமாக, ஊதுவத்திப் புகை போல மெல்லிய கோடு எழுந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரிதான் இருந்தது. விரலால் மடக்கினார், வாய் திறப்பது போல வெடிப்பு பிளந்தது.

அதோடு விட்டிருந்தால் திறமைக் குறைவு என்று சமாதானம் ஆகியிருப்பேன். அவர் டார்ச்சைக் கீழே திருப்பி, "இதை எப்ப மாத்தினாங்க?" என்று கேட்டார். புதிது என்று நான் பணம் கட்டிய ஆக்சிஜன் சென்சார். அறுகோணத் தலை முழுக்கத் துரு. ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. கனெக்டர் கிளிப்பில் வருடக்கணக்கான எண்ணெய்த் தூசி அசையாமல் படிந்திருந்தது. சூட்டில் புது சென்சாரும் சீக்கிரம் நிறம் மாறும்தான். ஆனால் தூசி ஒரு மாதத்தில் அப்படி இறுகாது.

பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பில்லுக்குப் பணம் கொடுத்தது என் தப்பு. நீங்கள் வண்டியை விடும்போதே கேட்டுவிடுங்கள்: கழற்றிய பாகம் எனக்கு வேண்டும், கோட்-ஐ அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமை போட்டோ எடுத்துத் தர வேண்டும், இந்த சென்சார்தான் என்று எந்தச் சோதனையில் முடிவு செய்தீர்கள். மூன்றாவது கேள்விக்கு "ஸ்கேனர்ல வந்துச்சு" என்பது பதிலே இல்லை. ஸ்கேனர் குறையைச் சொல்லும், எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஒன்று மட்டும், விளக்கு விட்டுவிட்டு மின்னினால் இந்த விசாரணையெல்லாம் பிறகு. அது மிஸ்ஃபயர், சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். வண்டியை ஓரம் கட்டுங்கள்.

துருப்பிடித்த சென்சாரின் போட்டோவோடு பழைய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அட்வைசர் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். "ஸ்டாக்ல கொஞ்ச நாள் இருந்திருக்கும் சார்" என்றார். கழற்றிய பழையது எங்கே என்றேன். குப்பையில் போட்டாச்சாம். அடுத்த சர்வீஸுக்கு வாட்டர் வாஷ் இலவசம் என்று ஒரு கூப்பன் கொடுத்தார்.