சிலம்பமா, கராத்தேயா?

தருமபுரியில் பிள்ளையைத் தற்காப்புக் கலைக்கு அனுப்ப நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது இதுதான். இரண்டிலும் தனியாகப் பழகும் அசைவு வரிசைகள் உண்டு. அதற்குள் இருக்கும் சண்டை எதில் முதலில் புரியும் என்பதே என் அளவுகோல்.

சிலம்பத்தில் சீக்கிரம் புரிந்துவிடும். காலடி மாற்றிக் கம்பு வீசும் மாணவனுக்கு எதிரே இன்னொருவர் கம்போடு நின்றால் போதும். கணுக்காலுக்கு வரும் அடியை ஏன் அப்படித் தடுக்கிறோம் என்பதைக் கம்புகள் மோதும் அதிர்வே உள்ளங்கைக்குச் சொல்லிவிடும்.

கராத்தேயில் கட்டா எனப்படும் அசைவு வரிசை அப்படியல்ல. ஆரம்ப மாணவர்கள் பழகும் ஐந்து ஹெயான் கட்டாக்களும், ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசிரியர் இட்டோசு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த வரிசையிலிருந்து வந்தவை. அவற்றின் பயன் மேலோட்டமாகத் தெரியாது. ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுப்பதை வெறும் அழகு என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒருநாள் மூத்த மாணவர் ஒருவர் என் மணிக்கட்டைப் பற்றித் திருகித் தம் இடுப்புக்கு இழுத்தார். நான் முன்னால் சரிய, அவருடைய முஷ்டி என் தாடைக்கு ஓர் அங்குலம் முன்பாக நின்றது. இழுக்கும் அந்தக் கை எதிராளியின் கையோடு வருகிறது!

பத்து வயதுப் பிள்ளைக்குச் சிலம்பம் என்பேன். கராத்தேதான் என்றால், கட்டாவின் ஒவ்வோர் அசைவையும் எதிரே ஆளை நிறுத்தி விளக்கும் ஆசிரியரைத் தேடுங்கள்.